நட்சத்திரக் குறி

1988-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க் மைதானத்திலே, ஓக்லண்ட் அணியைச் சேர்ந்த ஹோஸே கன்ஸேக்கோ தம் இடத்தில் வந்து நின்றபோது, அங்கே கூடியிருந்த ஜனங்கள் அவரைப் பார்த்து 'ஸ்டீராய்ட்ஸ், ஸ்டீராய்ட்ஸ்' என்று தாளம் பிசகாமல் கோஷமிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை, கூட்டத்தின் பக்கம் பார்த்துக் கையை மடக்கிப் புஜத்தைப் புடைக்கவைத்துக் காட்டினார். வேடிக்கை அதோடு முடிந்தது, ஆட்டம் தொடர்ந்து நடந்தது. அந்தப் பருவத்தில் அவர் 42 ஹோம் ரன்களை அடித்ததோடு, பந்து வீசுகிறவர் அயர்ந்த சமயம் பார்த்து 40 தடவை தளம் விட்டுத் தளம் ஓடிச் சேர்ந்து 'தளம் திருடியவர்'. ஒரே பருவத்தில் இரண்டிலும் நாற்பதைத் தொட்டவர் அதற்கு முன் ஒருவருமில்லை. பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து, இதே விவகாரம் கிராண்ட் ஜூரி, காங்கிரஸ் குழு, பத்திரிகைகளின் முதல் பக்கம் என்று படிப்படியாக ஏறிப் போய், அமெரிக்க ரசிகர்கள் தங்களை வஞ்சித்துவிட்டார்கள் என்று மனம் புழுங்கியதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பாஸ்டன் கோஷம்தான் நினைவுக்கு வருகிறது. வஞ்சிக்கப்பட்டது வாஸ்தவமாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றுமே அறியாமல் வஞ்சிக்கப்பட்டார்கள் என்று சொல்லத் துணிய எனக்கு மனம் வரவில்லை.

பேஸ்பாலை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. மட்டையால் அடித்த பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தால் அது ஹோம் ரன். கிரிக்கெட்டின் சிக்ஸருக்குச் சமானம் என்று கொள்ளலாம் என்றாலும் அதைவிட மிக அபூர்வமானது, ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களில் ஐம்பது அடித்துவிட்டால் அவர் மகா சூரர். இந்த ஆட்டத்தின் ரசிகன் எண்களோடு கொண்டிருக்கிற பந்தம் வேறெந்த ஆட்டத்திலும் காணக் கிடைக்காதது. 1927-இல் பேப் ரூத் அடித்த 60, 1961-இல் ராஜர் மாரிஸ் அடித்த 61, ரூத்தின் வாழ்நாள் கணக்காகிய 714, அதை 1974 ஏப்ரல் 8-ஆம் தேதி தாண்டி ஹாங்க் ஆரன் இறுதியில் கொண்டுபோய் நிறுத்திய 755 ஆகிய இவையெல்லாம் அவனுக்குத் தன் வீட்டு விலாசத்தைப் போல மனப்பாடம். அமெரிக்கக் கால்பந்தில் ஷான் மெரிமன் என்பவர் 2006-இல் ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டு நான்கு ஆட்டங்கள் விலக்கப்பட்டு, திரும்பி வந்து, அதே பருவத்திலேயே நட்சத்திர அணிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதைப் பற்றிப் பெரிதாக யாரும் தூக்கம் கெடவில்லை. பேஸ்பாலில் மட்டும் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், மருந்து அங்கே ஆட்டக்காரனுடைய உடம்பில் மட்டும் ஏறவில்லை, தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கிலும் ஏறிவிட்டது என்பதே காரணம்.

அந்தக் கணக்கைக் காப்பாற்ற ரசிகர்கள் கேட்பது ஒரு நட்சத்திரக் குறி. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரம் போட்டு, இது அப்படியொன்றும் சுத்தமானதில்லை என்று உணர்த்திவிட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இதில் ஒரு விநோதம் உண்டு. மாரிஸ் ரூத்தை நெருங்கிக்கொண்டிருந்த 1961 ஜூலையில், ரூத்தின் காலத்துப் பருவம் 154 ஆட்டங்களே ஆகையால், அதற்குள் தாண்டினாலொழிய இரண்டு சாதனைகளையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்று பேஸ்பால் கமிஷனர் ஃபோர்டு ஃப்ரிக் சொன்னார். அதன்படி இரண்டும் தனித்தனியாக அச்சிடப்பட்டு வந்தனவே தவிர, மாரிஸின் பெயருக்கு எதிரே எந்தப் புத்தகத்திலும் அதிகாரபூர்வமாக நட்சத்திரம் போட்டதில்லை. ஆயினும் ஜனங்களின் மனத்தில் அது முப்பது வருஷம் மின்னிக்கொண்டுதான் இருந்தது. 1991-இல் ஒரு குழு கூடி அந்தப் பிரிவினையை நீக்கியபோது மாரிஸ் இறந்து ஏறக்குறைய ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் செய்த பாவம் அதிக ஆட்டங்கள் உள்ள ஒரு பருவத்தில், ரூத்தைப் போல ஜனரஞ்சகமாக இல்லாத சுபாவத்தோடு, ரூத்தைத் தாண்டியது; மருந்துக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இனி 1998-க்கு வருவோம். நான்கு வருஷத்துக்கு முன், 1994 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு உலக யுத்தங்களாலும் நிறுத்தப்படாத உலகத் தொடர் ஆட்டம் அந்த வருஷம் நடக்காமலே போயிற்று. முதலாளிகள்மேலும் ஆட்டக்காரர்கள்மேலும் ஒருசேரக் கசந்துபோன ஜனங்களை மீண்டும் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது, செயின்ட் லூயிஸ் அணியின் மார்க் மக்வயரும் சிகாகோ அணியின் ஸாமி ஸோஸாவும் மாரிஸின் 61-ஐ நோக்கி ஓடிய அந்தக் கோடைகால ஓட்டம்தான் என்பதைப் பேஸ்பாலைப் பற்றி எழுதியவர் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி மக்வயர் 62-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். மாரிஸின் பிள்ளைகள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களிடம் ஓடிப்போய் அணைத்துக்கொண்டார். எதிர் அணியில் ஆடிய ஸோஸாவும் ஓடிவந்து தழுவினார். பருவ முடிவில் ஒருவர் 70, மற்றவர் 66. அந்த எழுபதாவது பந்தை ஒருவர் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்.

அதே ஆகஸ்டில் அஸோஸியேட்டட் பிரஸ் நிருபர் ஒருவர், மக்வயரின் திறந்திருந்த பெட்டகத்தில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற மருந்துச் சீசாவைக் கண்டு எழுதிவிட்டார். உடம்புக்குள் போய் ஆண்மைச் சுரப்பாக மாறும் அந்தச் சரக்கு ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் தடைசெய்யப்பட்டது, பேஸ்பாலில் அப்போது தடையில்லாதது, அந்நாளில் கடையில் யாரும் வாங்கக்கூடியதாயிருந்தது. மக்வயர் மறைக்கவில்லை, சாப்பிடுகிறேன் என்றார். அப்போது எழுந்த கோபத்தில் பெரும் பகுதி, சீசாவை வைத்திருந்தவரை விட்டுவிட்டு, அதைப் பார்த்த நிருபரின் தலையில் விழுந்தது. பிறருடைய பெட்டகத்தை எட்டிப் பார்ப்பது மரியாதையா என்று கேட்டார்கள். அதைக் கேட்டவர்களில் ரசிகர்களும் உண்டு, அணி நிர்வாகத்தாரும் உண்டு, சக பத்திரிகைக்காரர்களும் உண்டு. 1990-இலேயே அமெரிக்கக் காங்கிரஸ் டாக்டர் சீட்டின்றி ஸ்டீராய்டு வைத்திருப்பதைக் குற்றமாக்கியிருந்தது. 1991-இல் கமிஷனர் ஃபே வின்சென்ட் தம் சுற்றறிக்கையில் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தும் இருந்தார். ஆனால் பெரிய லீகுகளில் பரிசோதனை என்ற ஒன்று 2003 வரையில் இல்லாதபடியால், தடை காகிதத்தில் சௌக்கியமாக இருந்தது.

அந்த 1998-இல், பாரி பாண்ட்ஸ் என்ற ஒருவர் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆடிக்கொண்டிருந்தார். அதற்குள்ளாகவே மூன்று முறை லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். 400 ஹோம் ரன்களும் 400 தளம் திருடல்களும் ஒருசேரக் கண்ட முதல் மனிதராக அந்த வருஷமே ஆனார். உலகம் மக்வயரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனித்தவர் குறைவு. அந்தப் புறக்கணிப்பு அவரைப் பொறாமையிலும் பிறகு மருந்திலும் தள்ளிற்று என்று, ஆட்டக்காரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்துவந்த பால்கோ என்ற ஆய்வுக்கூடத்தின் விவகாரத்தைத் துருவி எழுதிய இரண்டு ஸான் பிரான்ஸிஸ்கோ நிருபர்கள் 2006-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் சொல்கிறார்கள். 2001-இல், முப்பத்தேழு வயதில், சாதாரணமாக ஆட்டக்காரர்கள் தளர்ந்து ஒதுங்குகிற காலத்தில், அவர் 73 அடித்தார். 2003 செப்டம்பரில் அரசாங்க அதிகாரிகள் பால்கோவைச் சோதனை போட்டார்கள். பயிற்சியாளர் கொடுத்த திரவத்தையும் களிம்பையும் உபயோகித்தது உண்மை, ஆனால் அவை ஆளிவிதை எண்ணெயும் மூட்டுவலித் தைலமும் என்றே நம்பினேன் என்று பாண்ட்ஸ் கிராண்ட் ஜூரியிடம் சாட்சியம் சொன்னதாகப் பத்திரிகையில் வெளியாயிற்று. 2011-இல் நீதி விசாரணைக்கு இடையூறு செய்ததாக ஒரே ஒரு குற்றத்தில் தண்டிக்கப்பட்டார். 2015-இல் மேல் கோர்ட்டு அதையும் தள்ளிவிட்டது. சட்டத்தின் முன் இன்று அவர் நிரபராதி. நான் பேசுவது வேறொரு கோர்ட்டைப் பற்றி.

அந்தக் கோர்ட்டுக்கு ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது. ஸான் டியகோ மைதானத்தில் 2006 பருவத்தின் தொடக்கத்தில் ஒருவர் ஊசியில்லாத சிரிஞ்சை அவருக்கருகே விட்டெறிந்தார். பாண்ட்ஸ் அதை எடுத்து மைதானத்துக்கு அப்பால் அகற்றிவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். மறு வருஷம் ஆகஸ்டு 7-ஆம் தேதி அவர் 756-ஆவதை அடித்து ஆரனைத் தாண்டியபோது ஸான் பிரான்ஸிஸ்கோ கொண்டாடிக் கூத்தாடிற்று. 2018-இல் அவருடைய 25-ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியலாகாது என்று கௌரவித்தது. சொந்த ஊர்க்காரனை மன்னிப்பதும் அயலூர்க்காரனைச் சபிப்பதும் உலக வழக்கமாகையால் அதில் அதிசயமில்லை. அதிசயம், தேசம் முழுவதும் அப்போது ஆரனுக்காகப் பரிந்து பேசியதுதான். அதே ஆரன் 1973-இலும் 1974-இலும் ரூத்தின் 714-ஐ நெருங்கியபோது, ஒரு கறுப்பன் வெள்ளைக்காரனைத் தாண்டுவதாவது என்று அவருக்கு வந்த வசைக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் மூட்டை மூட்டையானவை. ரூத் தமது எண்ணைச் சேர்த்த காலத்தில் கறுப்பர்கள் பெரிய லீகில் அனுமதிக்கப்படவே இல்லை. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வந்துதான் அந்தக் கதவு திறந்தது. தேசத்தின் ஆட்டக்காரர்களில் ஒரு பெரும் பகுதியைத் திறமை பாராமல் வெளியே நிறுத்தி வைத்துச் சேர்த்த எண்ணுக்கு நட்சத்திரம் போடச் சொன்னவர் அதிகமில்லை.

மன்னிப்புக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. நியூயார்க் அணியின் ஜேஸன் ஜியாம்பி 2005 பிப்ரவரியில் பத்திரிகையாளரைக் கூட்டி, எதற்கென்று சொல்லாமலே மன்னிப்புக் கேட்டார். அந்தப் பருவத்திலேயே மீண்டெழுந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். ஆண்டி பெட்டிட் வளர்ச்சிச் சுரப்பு மருந்தை உபயோகித்ததை ஒப்புக்கொண்டார். பிற்பாடு அவருடைய சட்டை எண்ணுக்கும் கௌரவம் கிடைத்தது. ரஃபேல் பல்மேரோ 2005 மார்ச்சில் காங்கிரஸ் குழுவின் எதிரே விரலை நீட்டி நீட்டித் தாம் தொட்டதே இல்லை என்று சொல்லி, சில மாதங்களுக்குள் சோதனையில் அகப்பட்டார். மூவாயிரம் அடிகளையும் ஐந்நூறுக்கு மேல் ஹோம் ரன்களையும் கண்ட அந்த மனிதரை இன்று யாரும் நினைப்பதுகூட இல்லை. டேவிட் ஓர்டிஸின் பெயர் 2003-இன் ரகசியச் சோதனைப் பட்டியலில் இருந்ததாக 2009-இல் செய்தி வந்தது, அவர் மறுத்தார், பாஸ்டன் மட்டுமல்ல, ஏறக்குறைய தேசமே அவரை நம்பத் தயாராக இருந்தது, ஏனெனில் அவரை எல்லோருக்கும் பிடிக்கும். பாண்ட்ஸோ பத்திரிகைக்காரரைக் கண்டால் கடுகடுப்பவர், ரசிகரைப் பார்த்துச் சிரிக்காதவர். மருந்தின் அளவைக்கொண்டோ அதனால் விளைந்த லாபத்தைக்கொண்டோ இந்தத் தீர்ப்புகளை விளக்க முயன்றால் ஒன்றும் பிடிபடாது. குற்றவாளியின் முகபாவத்தைக்கொண்டு விளக்கினால் ஏறக்குறைய எல்லாம் விளங்கிவிடும்.

இவ்வளவும் சொன்னபின், அப்படியானால் எல்லாமே வேஷம், எல்லோரும் திருடர்கள், விட்டுத்தள்ளலாம் என்கிற கட்சியில் நானும் சேர்ந்துவிடுவேன் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். அந்தக் கட்சியாரின் வாதம் கேட்க ரசமாகத்தான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பட் கேல்வின் என்ற பந்து வீச்சாளர் மிருகங்களின் சுரப்பிலிருந்து வடித்த ஒரு ரசாயனத்தை ஊசி போட்டுக்கொண்டு ஆடியதைப் பத்திரிகைகள் பாராட்டி எழுதின என்பார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆட்டக்காரர்கள் களைப்புத் தெரியாதிருக்கச் சர்வசாதாரணமாக விழுங்கிய பச்சை மாத்திரைகளைக் காட்டுவார்கள். அவற்றுக்கு 2006-இல்தான் தடை வந்தது. பந்தில் எச்சிலும் களிம்பும் தடவுவது 1920-இலிருந்து விதிக்கு விரோதமாயிருக்க, அதையே கலையாகச் செய்து 314 வெற்றி கண்டு, ஆட்டத்தில் இருக்கும்போதே அதைப் பற்றிப் புத்தகமும் எழுதிய கேலார்டு பெர்ரி 1991-இல் கூப்பர்ஸ்டவுனிலுள்ள கீர்த்தி மண்டபத்தில் சேர்க்கப்பட்டதை எடுத்துச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பெர்ரி பந்தில் தடவிய களிம்பு எதிரே நின்ற மட்டைக்காரனைத்தான் ஏய்த்தது. பக்கத்தில் நின்ற சக பந்து வீச்சாளனை, நீயும் உன் ஈரலையும் இருதயத்தையும் பணயம் வைத்தாலொழிய உனக்கு இங்கே சோறில்லை என்று நிர்ப்பந்திக்கவில்லை. ஸ்டீராய்டு அதைத்தான் செய்தது.

இந்த இடத்தில், பாண்ட்ஸையும், அவரைப் போலவே மருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளான பிரபலப் பந்து வீச்சாளர் ராஜர் கிளமென்ஸையும் பற்றி எழுதப்பட்ட ஆயிரமாயிரம் பக்கங்களைவிட, டான் நால்ட்டி என்ற ஒரு சாமான்யப் பந்து வீச்சாளரின் கதை எனக்கு அதிகப் பிரயோஜனமாகப் படுகிறது. 1994-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில், மினசோட்டா அணியின் கீழ்ப்படிக் குழுவில், ஏறக்குறைய ஒரே வயதும் ஒரே தரமும் கொண்ட நான்கு வலக்கைப் பந்து வீச்சாளர்கள் இருந்தார்கள். பெரிய லீகுக்குப் போகும் வழியோ மிகக் குறுகியது. ஒல்லியாக வந்து சேர்ந்த நால்ட்டி மருந்து போட்டுக்கொண்டு உடம்பை ஏற்றினார், பந்தின் வேகமும் கூடவே ஏறிற்று. 1996-இல் மினசோட்டாவுக்கு ஆடினார், 1999-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியோடு உலகத் தொடர் வென்ற மோதிரமும் பெற்றார். மருந்தைத் தொடாத மற்ற மூவரும் பெரிய லீகில் ஒரு பந்துகூட வீசாமலே ஆட்டத்தை விட்டார்கள். பிறகு மனம் திருந்திய நால்ட்டி, பேஸ்பாலில் மருந்துப் பழக்கத்தை ஆராய்ந்து 2007 டிசம்பரில் வெளியான மிச்சல் அறிக்கைக்காக விசாரித்தவர்களிடம் தாமாகவே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை 2012-இல் அந்த நால்வரையும் தேடிப்போய் எழுதிற்று. ரூத்துக்கும் மாரிஸுக்கும் ஆரனுக்கும் நேர்ந்த அநியாயத்துக்காகக் கண்ணீர் விடும் ரசிகர்கள், ஸ்தூலமாக, பெயரும் முகமும் வயிறும் உள்ளவர்களாக அநியாயம் அனுபவித்த இந்த மூவரைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் படித்தது அபூர்வம். அவர்கள் எந்த எண்ணையும் விட்டுப் போகவில்லை. எண் இல்லாதவனுக்கு நட்சத்திரக் குறியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மக்வயர் 1998-இல் எத்தனை அடித்தார் என்பது எனக்கு இரண்டாம்பட்சமான விஷயமாகவே படுகிறது. அவருடைய பலத்தைக் கண்டு பயந்து, தாங்களும் ஊசியைத் தேடிப்போன கீழ்ப்படிக் குழுப் பையன்கள் எத்தனை பேர் என்பதுதான் முதல் விஷயம்.

கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தின் தேர்தல் விதியில், ஆட்டத் திறமையோடு நேர்மை, விளையாட்டுத் தர்மம், குணம் ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வாக்களிப்பவர்கள் பேஸ்பால் எழுத்தாளர்கள். முக்கால் பங்கு வாக்கு வேண்டும். பாண்ட்ஸும் ராஜர் கிளமென்ஸும் பத்து வருஷம் காத்திருந்து, 2022-இல் கடைசித் தடவையாக முறையே 66.0, 65.2 சதவிகிதத்தோடு நின்றுபோனார்கள். அதே தேர்தலில், முதல் வருஷத்திலேயே, ஓர்டிஸ் உள்ளே போனார். 1998-இல் மக்வயரைக் கொண்டாடி எழுதிய பேனாக்களில் பலவும் பிற்காலத்தில் நியாயாதிபதிகளின் ஆசனத்தில் இருந்தன என்பது ஒரு புறமிருக்க, இன்னொரு விஷயத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தக் காலம் முழுவதும் கமிஷனராக இருந்து, காலி மைதானங்கள் நிரம்பியதன் பலனை அனுபவித்த பட் ஸெலிக், வேறொரு தனிக் குழுவின் வாக்கால் 2017-இல் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். பரிசோதனையை ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்தது என்று அவர் சொல்வது பொய்யில்லை. சங்கம் வருஷக்கணக்காக எதிர்க்கத்தான் செய்தது. ஆனால் சங்கத்தின் அனுமதி தேவைப்படாத கீழ்ப்படி லீகுகளில்கூட 2001-இல்தானே பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள்? அதற்கு முன் தடுத்தவர் யார்?

2022-இல் நியூயார்க்கின் ஆரன் ஜட்ஜ் 62 அடித்து, மாரிஸ் ஆடிய அமெரிக்கன் லீகின் சாதனையைத் தாண்டியபோது, ஜட்ஜையே உண்மையான சாதனையாளராகக் கொள்ள வேண்டும் என்று மாரிஸின் மகன் சொன்னார். பல வீடுகளில் அப்படியே கொண்டுமிருப்பார்கள். அதிகாரபூர்வமான புத்தகத்திலோ பாண்ட்ஸின் 73-உம் 762-உம் எந்தக் குறியுமின்றி நிற்கின்றன. அப்படி நிற்பதே சரி என்பது என் கட்சி. நடந்தது நடந்ததுதான், ஸ்கோர் புத்தகம் நீதி நூலாக வேண்டியதில்லை. மார்க் எக்கோ என்ற உடைத் தொழிலதிபர் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து பாண்ட்ஸின் 756-ஆவது பந்தை வாங்கி, அதை என்ன செய்யலாம் என்று ஜனங்களிடமே வாக்குக் கேட்டு, அவர்கள் விருப்பப்படி அதன்மேல் ஒரு நட்சத்திரத்தை வெட்டிக் கூப்பர்ஸ்டவுனுக்கு அனுப்பினார். 2008 முதல் அது அங்கே இருக்கிறது. பந்து காட்சிசாலையில், அடித்தவர் மண்டபத்துக்கு வெளியே என்ற இந்த ஏற்பாட்டைப் பலர் பரிகாசம் செய்கிறார்கள். எனக்கு இது அவ்வளவு அபத்தமாகத் தோன்றவில்லை. சரித்திரத்தில் இடம் பெறுவது வேறு, மரியாதை பெறுவது வேறு, முன்னதை மறுக்காமல் பின்னதைக் கொடுக்க மறுப்பதற்கு ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையைப் பாண்ட்ஸின் விஷயத்தில் பிரயோகித்தவர்கள் ஸெலிக்கின் விஷயத்திலும் பிரயோகித்து, அவருடைய வெண்கலப் பலகையையும் மண்டபத்துச் சுவரிலிருந்து எடுத்துக் காட்சிசாலையில், அந்தப் பந்துக்குப் பக்கத்திலேயே, வைத்திருக்க வேண்டும்.